கோடு எதை ஏற்றிச் சென்றது?

1

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டுக் காண்பித்தேன். வடகிழக்கு இங்கிலாந்தின் ஆரம்பகால ரயில் பாதைகள். கீழே ஒரு காலக்கோடு. அதை இடமிருந்து வலமாக இழுத்தால் 1700-இல் டைன் ஆற்றங்கரையில் சில சிவப்புக் கீற்றுகள் தெரியும். இழுக்க இழுக்க அவை கிளைவிட்டு, தெற்கே வியர், டீஸ் ஆறுகள் வரை பரவி, 1850-இல் திரை முழுக்கச் சிவந்துவிடும். நான்கு மாத வார இறுதிகளைத் தின்ற வேலை. முடிந்ததும் கைதட்டினார்கள். "உடம்புல நரம்பு ஓடுற மாதிரி இருக்கு" என்றார் ஒரு நண்பர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெரியவர். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். அன்று கையைத் தூக்கினார்.

"தம்பி, நல்லாத்தான் இருக்கு. லோடு எந்தப் பக்கம் போச்சு? எம்டி எந்தப் பக்கம் வந்துச்சு?"

"அது... இதுல இல்ல சார்."

"அப்ப இது பாதை. ரயில் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது சிரிப்பு வரவில்லை. என் தரவு அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து நெடுவரிசைகள் இருந்தன: பெயர், திறந்த ஆண்டு, மூடிய ஆண்டு, தண்டவாள அகலம், வடிவம். சரக்கு இல்லை. திசை இல்லை. கட்டணம் இல்லை. யாருடைய நிலம், யாருடைய வண்டி என்பது இல்லை. 'ஆரம்பகால ரயில்வே தொழிலுக்கு எப்படிச் சேவை செய்தது' என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு நெடுவரிசைகூட என்னிடம் இல்லை.

டிஜிட்டல் வரைபடத்தை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்த்தால் என்ன என்ற யோசனை அன்றைக்கு வந்தது. ஒரு நாவலில் கதைசொல்லி யார், எதைச் சொல்கிறான், எதை விடுகிறான் என்று கேட்கிறோம். வரைபடத்திடம் அதைக் கேட்பதில்லை. அது ஏதோ தானாகவே உண்மை என்பதுபோல் எடுத்துக்கொள்கிறோம்.

2

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் இல்லாமல் சென்னையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு டர்ஹாம் மாவட்டத்தைப் படிப்பது முடியாத காரியம்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களை ஸ்கேன் செய்து, இன்றைய ஆயங்களோடு பொருத்தி, இலவசமாக வைத்திருக்கிறது. திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று பார்க்கலாம். ஒரு பக்கம் கர்சரை நகர்த்தினால் மறுபக்கமும் நகரும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை லைடார் தரவைத் திறந்துவிட்டிருக்கிறது: விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த நிலத்தின் மேடு பள்ளம். மரங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத் தரையை மட்டும் பார்க்கலாம். காட்டுக்குள் புதைந்த பழைய கரைமேடு ஒன்று, கம்பளிக்கடியில் கயிறு கிடப்பது மாதிரி புடைத்துத் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இவை எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மேலே கோடு இழுக்கலாம்.

நான் இழுத்தவற்றில் பாதி, ரயில் என்று நாம் நினைப்பதற்கு முந்தைய ரயில். 'வேகன்வே' என்பார்கள். மரத்தால் தண்டவாளம், அதன்மேல் நிலக்கரி ஏற்றிய வண்டி, இழுக்கக் குதிரை. நீராவி எஞ்சினுக்கு நூறு வருடத்துக்கும் முன்பே டைன் ஆற்றங்கரையில் இவை ஓடின. 1780-களின் இறுதியில் ஜான் கிப்ஸன் என்பவர் டைன், வியர் ஆறுகளைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு வரைபடம் போட்டார். வேகன்வேக்களும் அதில் உண்டு.

உயரத் தரவை அடியில் போட்டுப் பார்த்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை கோணல்மாணலாகத் தெரிந்த கோடுகளுக்கு ஒரே நொடியில் பொருள் வந்தது. பெரும்பாலும் எல்லாமே இறங்குகின்றன. மேட்டிலுள்ள சுரங்கத்தில் ஆரம்பித்து, மலைச்சரிவை அணைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் முடிகின்றன. நியூகாசில் என்ற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. கோடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவற்றுக்கு வேண்டியது ஊர் அல்ல, ஆற்றின் விளிம்பில் கட்டிய சரக்குமேடை. அங்கே நிலக்கரியைப் படகில் கொட்டுவார்கள். சரிவில் லோடு வண்டி தன் எடையாலேயே இறங்கும். வண்டிக்காரன் மரத்தடியால் சக்கரத்தை அழுத்திப் பிரேக் பிடித்துக்கொண்டே வருவான், குதிரை பின்னால் நடந்து வரும். ஏறும்போது காலி வண்டியை மட்டும் குதிரை இழுத்தால் போதும்.

அதாவது கூட்ஸ் கார்டின் கேள்விக்கான பதில் நிலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1725-26-இல் ரால்ஃப் வுட் என்ற கொத்தனார் கட்டிய காஸி வளைவு இன்றும் நிற்கிறது. முப்பது மீட்டர் அளவுக்கு விரிந்த ஒற்றைக் கல் வளைவு, இன்று எஞ்சியிருக்கும் ஒற்றை வளைவு ரயில் பாலங்களில் மிகப் பழையது. அதன்மேல் இரண்டு பாதைகள் ஓடின. ஒன்று லோடு வண்டிக்கு, 'மெயின் வே'. இன்னொன்று காலி வண்டி திரும்பி வர, 'பை வே'. கட்டியவர்களுக்குத் திசைதான் முதல் விஷயம். என் வரைபடத்தில் அது ஒற்றைச் சிவப்புக் கோடு.

2013-இல் நியூகாசிலில் ஒரு பழைய கப்பல் கட்டும் தளத்தைத் தோண்டியபோது வில்லிங்டன் வேகன்வேயின் ஒரு பகுதி மண்ணுக்கடியில் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அகலம் ஏறக்குறைய இன்று உலகின் பெரும்பகுதியில் உள்ள அதே நான்கு அடி எட்டரை அங்குலம். அங்கே பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து ஒரு குட்டைக்குள் இறங்கி ஏறுகிறது. மரச் சக்கரங்கள் காய்ந்து வெடிக்காமல் இருக்க வண்டியைத் தண்ணீரில் இறக்கி நனைத்து எடுத்திருக்கிறார்கள். இதை எந்த லைடாரும் காட்டியிருக்காது. மண்வெட்டிதான் காட்டியது.

3

இப்போது குறைக்கு வருகிறேன். என் குறை மட்டுமல்ல, இந்த வகைமையின் குறை.

தரவுத்தளம் வடிவமைப்பவர்களுக்குத் தெரியும்: அட்டவணையின் நெடுவரிசைகளைத் தீர்மானிப்பவன்தான் பாதிக் கதையை எழுதுகிறான். மீதிப் பேர் வந்து கட்டங்களை நிரப்புகிறார்கள். என் ஐந்து நெடுவரிசைகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். நான் சிறுவயதிலிருந்து பார்த்த ரயிலிலிருந்து வந்தன. திறப்பு விழா நடக்கும், ஸ்டேஷன் இருக்கும், டிக்கெட் இருக்கும், ஒரே பாதை நூறு வருடம் அங்கேயே கிடக்கும். பயணியின் ரயில் அது.

வேகன்வேக்கு இதில் எதுவும் பொருந்தாது. மரத் தண்டவாளம் தேயும், அழுகும், மாற்றுவார்கள். சுரங்கத்தில் கரி தீர்ந்தால் பாதையைப் பிடுங்கி அடுத்த சுரங்கத்துக்குப் போடுவார்கள். 'திறந்த ஆண்டு' என்ற கட்டத்தில் எதைப் போடுவது? காஸி வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1739-இல் டான்ஃபீல்டு சுரங்கம் தீயில் அழிந்த பிறகு அதன் பயன்பாடு சுருங்கிப்போனது. வளைவு நிற்கிறது, பாதையின் உயிர் போய்விட்டது. அட்டவணை கேட்கும் ஒரே கேள்வி: மூடியாச்சா இல்லையா?

இங்கே கர்னல் மைக்கேல் காப் என்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிரிட்டனின் ரயில் பாதைகளையும் நிலையங்களையும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்து 2003-இல் ஒரு பெரிய அட்லஸாக வெளியிட்டார். அதற்காக 2008-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. அப்போது வயது 91. பிற்பாடு கேம்பிரிட்ஜின் மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக் குழு தன் டிஜிட்டல் ரயில் பாதைகளை இந்த அட்லஸிலிருந்துதான் உருவாக்கியது. நாம் 'டேட்டாசெட்' என்று ஒரே சொல்லில் சொல்லி டவுன்லோடு செய்வதற்கு அடியில் இப்படி ஒரு கிழவரின் கையும் கண்ணும் இருக்கிறது.

அந்தத் தரவை வைத்து டான் போகார்ட்டும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 1851-க்குள் ரயில் நிலையம் பெற்ற ஊர்களில் அடுத்த நாற்பது ஆண்டுகளில் மக்கள்தொகை கூடுதலாக வளர்ந்தது, ஆண்கள் விவசாயத்திலிருந்து வேறு தொழில்களுக்கு நகர்ந்தார்கள் என்று அது நிறுவுகிறது. எனக்குப் பிடித்த பகுதி வேறு. நிலையத்திலிருந்து 3 முதல் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஊர்கள், 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களைவிடப் பின்தங்கின. ரயில் பக்கத்தில் வந்து, ஆனால் நம் ஊரில் நிற்காமல் போவது, வராமலே இருப்பதைவிட மோசம்! ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகப் படித்தால் இது தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கான ஊர்களை வரைபடத்தில் வைத்துத் தூரம் அளந்தால்தான் தெரியும். வளர்கிற ஊரைத் தேடித்தானே ரயில் வந்திருக்கும் என்ற சந்தேகத்துக்கும் அவர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். பெரிய நகரங்களை ஆகக் குறைந்த செலவில் இணைத்தால் பாதை எங்கே போயிருக்கும் என்று கணித்து, அதை வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் அளவுகோலைப் பாருங்கள்: நிலையம். 1851-க்குப் பிந்தைய மக்கள்தொகையைப் பற்றிக் கேட்கும்போது இது நியாயமான அளவுகோல். அதே அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு ஆரம்பகாலத் தொழில் ரயிலுக்குப் போனால் சிக்கல். நிலக்கரி ஸ்டேஷனில் ஏறுவதில்லை. சுரங்கத்தின் வாயில் ஏறி, ஆற்றங்கரையில் இறங்குகிறது. 1825-இல் திறந்த புகழ்பெற்ற ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில்வேயிலேயே முதல் சில வருடங்களுக்குப் பயணிகள் குதிரை இழுத்த கோச்சில்தான் போனார்கள், அதையும் ஒப்பந்தக்காரர்கள் நடத்தினார்கள். கம்பெனி தனக்கென்று கட்டிக்கொண்டது கரிக் கிடங்குகளை. 'நிலையங்கள்' என்ற லேயரை மட்டும் ஆன் செய்து அந்தப் பாதையைப் பார்த்தால் யாருக்காக அது போடப்பட்டதோ அவர்களே தெரியமாட்டார்கள்.

கோடு ஆற்றங்கரையில் முடிவதால் இன்னொரு கூட்டமும் காணாமல் போகிறது. டைன் ஆற்றில் 'கீல்' என்ற தட்டைப் படகுகளில் கரியை ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய், அங்கே மண்வாரியால் தூக்கிப் போட்டவர்கள் கீல்மென். சரக்குமேடைகள் ஆழமான நீருக்கு நகர்ந்து, வண்டியிலிருந்து நேராகக் கப்பலிலேயே கொட்டும் அமைப்பு வந்தபோது இவர்கள் பிழைப்பு போனது. 1822-இல் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் வரைபடத்தில் அது எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு கோடு கொஞ்சம் கிழக்கே நீண்டது. அவ்வளவுதான்.

'கோடு நீண்டது', 'பாதை பரவியது', 'வலைப்பின்னல் வளர்ந்தது'. கவனித்தால், எல்லாம் செடி வளர்வதற்குச் சொல்லும் வினைகள். போட்டவன், போடவிடாமல் தடுத்தவன், கூலி வாங்கியவன் யாரும் இந்த வாக்கியங்களில் இல்லை. காலக்கோட்டை இழுத்தால் சிவப்பு பரவும் அனிமேஷன் நம்மை இந்த மொழிக்குப் பழக்குகிறது. என் நண்பர் நரம்பு என்று சொன்னது அவர் தப்பு இல்லை. நான் அப்படித்தான் வரைந்திருந்தேன்.

உண்மையில் அந்தக் கோடுகளில் பல, சொத்துத் தகராறின் தழும்புகள். டைன் பகுதியில் அடுத்தவர் நிலத்தின் மேல் வண்டி ஓட்ட 'வேலீவ்' என்ற கட்டணம் கொடுக்க வேண்டும். நம்மூர்ப் பத்திரங்களில் 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்' என்று எழுதுவார்களே, அதன் வாடகை வடிவம். 1726-இல் சில பெரும் சுரங்கக் குடும்பங்கள் 'கிராண்ட் அலைஸ்' என்ற பெயரில் கூட்டணி சேர்ந்தன. இந்த உரிமைகளை வாங்கிக் குவித்துப் போட்டியாளனின் கரி ஆற்றுக்கே போய்ச் சேராமல் தடுப்பது அவர்களின் முக்கியமான ஆயுதம். ஒரு வேகன்வே திடீரென்று வளைந்தால் அங்கே ஒரு மேடு இருக்கலாம், பாதை கொடுக்காத ஒரு நிலக்காரரும் இருக்கலாம். மேட்டை லைடார் சொல்லும். நிலக்காரரைக் குத்தகைப் பத்திரம்தான் சொல்லும்.

4

ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்டாக்டன்-டார்லிங்டன்.

1825 செப்டம்பர் 27 அன்று திறந்தது. டர்ஹாம் மாவட்டத்தின் தென்மேற்கிலுள்ள சுரங்கங்களிலிருந்து ஷில்டன், டார்லிங்டன் வழியாக டீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாக்டன் வரை, சுமார் 26 மைல். மேற்குப் பக்கம் எதர்லி, பிரஸல்டன் என்று இரண்டு மேடுகள். அங்கே நிலையாக நிறுத்திய நீராவி எஞ்சின் கயிறு கட்டி வண்டிகளை இழுத்தது. ஷில்டனுக்குக் கிழக்கே ரயில் எஞ்சினும் ஓடியது, குதிரையும் ஓடியது. சுங்கம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தன் குதிரையையும் வண்டியையும் கொண்டுவந்து ஓட்டலாம். வரைபடத்தில் ஒரே தடிமனில் ஒரே சிவப்பு. உண்மையில் மூன்று விதமான இழுவை, பல முதலாளிகள், ஒரு பொதுச் சாலை மாதிரி.

இதன் சட்டம் 1821-இல் நிறைவேறியபோது கட்டணத்தில் ஒரு விசித்திரம் நுழைந்தது. உள்ளூரில் விற்கும் நிலக்கரிக்கு டன்னுக்கு ஒரு மைலுக்கு 4 பென்ஸ் வரை வாங்கலாம். கப்பலேற்றும் நிலக்கரிக்கு அரை பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. எட்டில் ஒரு பங்கு! இதைப் புகுத்தியவர் ஜான் ஜார்ஜ் லாம்டன். பிற்காலத்தில் டர்ஹாம் பிரபுவாகி, கனடா பற்றிய அறிக்கை எழுதினாரே, அவரேதான். அவருடைய சுரங்கங்கள் வியர் ஆற்றுப் பக்கம் இருந்தன, கரி சண்டர்லேண்டு வழியாகக் கடலுக்குப் போனது. அரை பென்னிக்கு ஓட்டினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது, தன் கடல் வியாபாரத்துக்குப் போட்டியே வராது என்று கணக்குப் போட்டார். கம்பெனிக்காரர்களும் கப்பல் வியாபாரத்தைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆண்டுக்கு 10,000 டன் போனால் அதிகம் என்று நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. அந்த அரை பென்னிதான் லண்டன் சந்தையை அவர்களுக்குத் திறந்துவிட்டது. கப்பல் கரிதான் பாதையின் உயிராக மாறியது.

ஒரே தண்டவாளம், ஒரே வண்டி, ஒரே கரி. எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத் தூரத்தின் விலை எட்டு மடங்கு மாறுகிறது. ஆக அங்கே இரண்டு ரயில்வேக்கள் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. வரைபடத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்து நடந்ததை வரைபடம் அழகாகக் காட்டும். ஸ்டாக்டனில் ஆறு கப்பலுக்குத் தோதாக இல்லை. 1830-இல் பாதையைக் கிழக்கே, கடல் வாய்க்கு அருகில், மிடில்ஸ்பரோ என்ற இடத்துக்கு நீட்டினார்கள். ஜோசப் பீஸும் கூட்டாளிகளும் அதற்கு முந்தைய ஆண்டே அங்கே நிலம் வாங்கியிருந்தார்கள். 1801 கணக்கெடுப்பில் 25 பேர் இருந்த இடம். 1841-இல் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. காலக்கோட்டை இழுத்தால் வெற்று வயலில் ஒரு நகரம் எழுவதைப் பார்க்கலாம். நானும் கூட்டத்தில் இந்த இடத்தில்தான் நிறுத்தி, கொஞ்சம் நாடகமாகப் பேசினேன்.

ஆனால் இதற்கடுத்த கட்டம் வரைபடத்தில் தெரியவே தெரியாது. 1841-இல் போல்கோ, வான் என்ற இருவர் மிடில்ஸ்பரோவில் இரும்பு ஆலை தொடங்கினார்கள். 1846-இல் பாதையின் மறு கோடியில், கரி கிடைக்கும் விட்டன் பார்க்கில், ஊது உலைகள் வைத்தார்கள். விட்பி பக்கத்திலிருந்து இரும்புக்கல் கடல் வழியாக மிடில்ஸ்பரோ வந்து, அங்கிருந்து ரயிலில் மேற்கே ஏறி உலைக்குப் போகும். உருக்கிய வார்ப்பிரும்பு அதே ரயிலில் கிழக்கே இறங்கி மிடில்ஸ்பரோவின் ஆலைக்கு வரும். 1850-இல் மிடில்ஸ்பரோவுக்குப் பக்கத்திலேயே, எஸ்டன் குன்றுகளில், ஜான் வான் கண்முன்னே இரும்புப் படுகை அகப்பட்டது. அதன்பின் மிடில்ஸ்பரோவிலேயே உலைகள் எழுந்தன. கல் பக்கத்தில் இருந்தது, கரி மேற்கிலிருந்து வந்தது. இதற்கு முன் கப்பலுக்குப் போகக் கிழக்கே வந்த எரிபொருள் இப்போது உலைக்குப் போகக் கிழக்கே வந்தது.

இந்தப் பத்து வருடங்களில் காலக்கோட்டை முன்னும் பின்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் இழுங்கள். அந்தப் பழைய கோடு ஒரு பிக்ஸல்கூட அசையாது. ஆனால் அது செய்த வேலை தலைகீழாக மாறிவிட்டது. கரியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த வாய்க்கால், இரும்பை உள்ளேயே ஆக்கும் ஆலையின் கன்வேயர் பெல்ட்டாகிவிட்டது. ரயில்வே தொழிலுக்கு எப்படிச் சேவை செய்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில். கோட்டின் மேல் ஓடியது மாறியதில் அது இருக்கிறது. கோடு எங்கே இருந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை எட்ட முடியாது.

5

அப்படியானால் டிஜிட்டல் வரைபடமே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் வைட், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெளிசார் வரலாற்றுக்கென்று ஒரு திட்டத்தை நடத்தினார். சரக்கு அனுப்புகிறவனுக்குத் தூரம் என்பது மைல் அல்ல, கட்டணம் என்பது அவர் வாதத்தின் மையம். கம்பெனி கட்டணப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால், நேற்றுவரை பக்கத்தில் இருந்த சந்தை இன்று தூரமாகிவிடும். தண்டவாளம் அங்கேயேதான் இருக்கும். கலிஃபோர்னிய ரயில் கம்பெனிகளின் கட்டணப் பட்டியல்களைத் தரவாக்கி, ஊர்கள் செலவுக் கணக்கில் நெருங்குவதையும் விலகுவதையும் காட்ட முயன்றார். 2011-இல் வந்த அவருடைய 'ரெயில்ரோடட்' என்ற புத்தகத்தைப் படித்துவிட்டு லாம்டனின் அரை பென்னிக்குத் திரும்பினால் அது ஒரு வேடிக்கைத் துணுக்காகத் தெரியாது. வரைபடத்தின் அச்சே அதுதான் என்று தெரியும்.

இன்னொருவர் டேவ் டொனால்ட்சன். காலனிய இந்தியாவின் ரயில் பாதைகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 2018-இல் வந்தது. போக்குவரத்துச் செலவை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் உப்பைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வகை உப்பும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் விளைந்தது. விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள இடைவெளியில் கொண்டுவந்த செலவு ஒளிந்திருக்கிறது. ரயில் வந்தபின் அந்த இடைவெளி சுருங்கியது. திட்டமிட்டுப் போடாமல் விட்ட பாதைகளையும் அவர் வரைந்து ஒப்பிட்டார். போட்ட பாதைகள் வருமானத்தை உயர்த்தின, காகிதத்தோடு நின்ற பாதைகள் உயர்த்தவில்லை. ஓடாத ரயிலையும் வரைபடத்தில் போடுவது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. என்றாலும் அவருடைய அலகு மாவட்டம். உயர்ந்த வருமானம் மாவட்டத்துக்குள் யார் கைக்குப் போனது என்று அந்தக் கணக்கு சொல்லாது. அந்த இடத்தில் ஓர் இலக்கிய வாசகனின் சந்தேகத்தோடு நாம் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இவர்கள் இருவரிடமும் நான் கற்றது ஒன்று. கோடு வரைவதற்கு முன் சரக்கைத் தேடு. ஒரு சரக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனால் பாதை தானாக வரும். பாதையை முதலில் வரைந்துவிட்டால் சரக்கு பின்னால் வருவதில்லை. வரைபடம் அவ்வளவு முழுமையாகத் தெரிவதால் எதுவும் விடுபட்டதாகவே தோன்றாது.

6

இதெல்லாம் எங்கேயோ டர்ஹாமில் நடந்த பழங்கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பதில் என் வீட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

இந்தியாவின் முதல் ரயில் எது என்று பள்ளியில் கேட்டால் 1853, பம்பாய், தாணே என்று சொல்லுவோம். ஏப்ரல் 16, சுமார் 400 பயணிகள், 34 கிலோமீட்டர். ஆனால் 1837-லேயே மெட்ராஸில் ஒரு ரயில் பாதை இருந்தது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை. கட்டியவர் ஆர்தர் காட்டன். ஏற்றிவந்தது ஆட்களை அல்ல, சாலை போடுவதற்கான கல்லை. இதே காட்டன் பிற்காலத்தில் இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாய்தான் மலிவு என்று வாதாடினார்.

ஏன் 1853 பாடப்புத்தகத்தில் இருக்கிறது, 1837 பொது அறிவுத் துணுக்காக மட்டும் இருக்கிறது? 1853-இல் ஸ்டேஷன் இருந்தது, திறப்பு விழா இருந்தது, பயணி இருந்தான். 1837-இல் கல் இருந்தது. நாம் வைத்திருக்கும் அட்டவணையில் கல்லுக்கு நெடுவரிசை இல்லை. மெட்ராஸின் சாலைகள் எந்தக் கல்லில் போடப்பட்டன, அந்தக் கல்லை யார் உடைத்தார்கள், யார் ஏற்றினார்கள் என்று கேட்பதற்கான வாசல் அந்தச் சின்னப் பாதையில் இருக்கிறது. 'முதல் பயணிகள் ரயில்' என்ற வரையறை அந்த வாசலைச் சத்தமில்லாமல் சாத்திவிடுகிறது. நம் ஊர் வரலாற்றில் எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது. பெரிய சதியெல்லாம் வேண்டாம். அட்டவணையில் ஒரு நெடுவரிசை குறைந்தால் போதும்.

என் வரைபடத்தை மாற்றி வருகிறேன். அனிமேஷனை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பாதைக்கும் இரண்டு கோடுகள்: லோடு போன பக்கம் தடிமனாக, காலி வந்த பக்கம் மெல்லியதாக. சரக்கு, கட்டணம், நிலத்துக்காரர், வண்டிக்காரர் என்று நெடுவரிசைகள் சேர்ந்திருக்கின்றன. பல கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். பார்க்க முன்புபோல் அழகாக இல்லை. செங்குன்றத்துக்கு ஒரு புள்ளி, சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு புள்ளி. நடுவே இன்னும் கோடு போடவில்லை. முதலில் 'சரக்கு' என்ற கட்டத்தில் 'கல்' என்று எழுதியிருக்கிறேன்.

போன மாதம் அந்தப் பெரியவரிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, டர்ஹாம் சரிவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த இறக்கத்துல பிரேக் பிடிச்சுட்டு வந்தவனுக்கு என்ன கூலி கொடுத்தாங்க?"

"தேடணும் சார்" என்றேன். இன்னொரு நெடுவரிசை.